நிலக்கரியும் ஊறும்!



கொண்டைக்கடலையை ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் பெருத்துக் கிடக்கும். ஜவ்வரிசி ஊறும். ஐப்பசி மழையில் மரக்கதவு ஊறிப்போய் சாத்த வராது. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நிலக்கரி ஊறும் என்று சொன்னால் நம்புவீர்களா? "போடி, அது கல்லாச்சே!" என்றுதான் எங்கள் வகுப்பில் சிரித்தார்கள். கல் ஊறாது. சரிதான். அப்படியென்றால் ஊறுகிற ஒன்று கல்லாக இருக்க முடியுமா? இந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுமையாக நின்று படியுங்கள்.

முதலில் ஒன்று. இஸ்திரிப் பெட்டியில் போடுகிற அடுப்புக்கரி வேறு, நிலக்கரி வேறு. அடுப்புக்கரி என்பது மரத்தை மூட்டம் போட்டுச் சுட்டது. நிலக்கரி என்பது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் சதுப்புநிலத்தில் விழுந்த மரம், செடி, பாசி எல்லாம் மண்ணுக்கு அடியில் புதைந்து, மேலே இருக்கிற பாரத்திலும் பூமியின் சூட்டிலும் மெதுவாக மாறியது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நிலக்கரிக்கு ஏறக்குறைய 30 கோடி வயது. டைனோசர்களுக்கும் முந்தியது!

நிலக்கரியிலும் படிகள் உண்டு. பழுப்பு நிலக்கரி முதல் படி. நெய்வேலியில் கிடைப்பது இதுதான். அடுத்தது பிட்டுமினஸ் நிலக்கரி. கடைசிப் படி ஆந்த்ரசைட். படி ஏற ஏற கார்பன் கூடும், ஆக்சிஜன் குறையும். பழுப்பு நிலக்கரியில் 70 சதவீதத்தை ஒட்டி கார்பன் என்றால், ஆந்த்ரசைட்டில் 90 சதவீதத்துக்கும் மேல். (ஈரம், சாம்பல் கழித்த கணக்கு இது.) இந்தப் படிக்கணக்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

கரைவது வேறு, ஊறுவது வேறு

உப்பைத் தண்ணீரில் போட்டால் காணாமல் போகும். அது கரைவது. ரப்பரைப் பெட்ரோலில் போட்டால் என்ன ஆகும்? மெக்கானிக் கடை அண்ணன்களைக் கேளுங்கள். பெட்ரோலில் கிடந்த ரப்பர் வாசர் ஊதிப்போய், கழற்றிய இடத்திலேயே திரும்ப உட்காராது. கரைந்தும் போகாது. அது ஊறுவது, அதாவது வீங்குவது.

ஏன் கரையவில்லை? ரப்பருக்குள் நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றை ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. இதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். மீன் வலையை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மூலக்கூறுகள் வலைக்கண்ணுக்குள் நுழைந்து வலையை விரிக்கும். ஆனால் முடிச்சு அவிழாததால் வலை பிரிந்து போகாது. எது வரைக்கும் விரியும்? முடிச்சு இழுத்துப் பிடிக்கிற வரைக்கும்.

நிலக்கரியும் இப்படித்தான் செய்கிறது! பிரிடின் என்று ஒரு திரவம். அதை நிலக்கரித் தூளில் ஊற்றினால் பல பிட்டுமினஸ் நிலக்கரிகள் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வீங்குகின்றன. மேலே சொன்ன இல்லினாய் நிலக்கரி இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது. மெல்லிய சீவலாக அறுத்துப் பிரிடினில் ஊறவைத்தால், மடக்கென்று உடைய வேண்டிய நிலக்கரி ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிறது.

அப்படியானால் நிலக்கரிக்குள்ளும் ஒரு வலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 1966-ல் ஜப்பானைச் சேர்ந்த சனாடா, ஹோண்டா என்ற இருவர் இப்படித்தான் யோசித்தார்கள். ரப்பர் வீங்குவதற்கு பால் ஃப்ளோரி என்ற விஞ்ஞானி (1974-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்) கண்டுபிடித்த கணக்கை எடுத்து நிலக்கரிக்குப் போட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு வீங்குகிறது என்று தெரிந்தால், ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே எவ்வளவு நீளம் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். நிறைய வீங்கினால் முடிச்சுகள் தூரத் தூர இருக்கின்றன. கொஞ்சமாக வீங்கினால் நெருக்கமாக இருக்கின்றன. கண்ணால் பார்க்க முடியாத வலையை ஒரு ஸ்கேலை வைத்து அளப்பது மாதிரி!

வலைக்குள் என்ன இருக்கிறது?

நிலக்கரி வலையின் முக்கியமான துண்டுகள் வளையங்கள். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கிற வளையம், தேன்கூட்டு அறை மாதிரி. இரண்டு மூன்று வளையங்கள் ஒட்டித் தட்டையான தட்டுபோல இருக்கும். தட்டையும் தட்டையும் சின்னப் பாலங்கள் இணைக்கின்றன. இந்தப் பாலம் கெட்டியான முடிச்சு. சாதாரணமாக அவிழாது.

இன்னொரு வகை முடிச்சும் உண்டு. அது ஹைட்ரஜன் பிணைப்பு. நிலக்கரியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் நிறைய இருக்கின்றன. ஒரு முனையின் ஹைட்ரஜன் பக்கத்து ஆக்சிஜனை லேசாகப் பிடித்துக்கொள்ளும். பாலம் என்பது தைத்த தையல் என்றால், ஹைட்ரஜன் பிணைப்பு பிரஸ் பட்டன் மாதிரி. ஒன்று என்றால் சுலபமாகக் கழற்றலாம். ஆயிரம் பட்டன் சேர்ந்தால் கல் மாதிரி இறுக்கம்.

இவை தவிர, வலையில் மாட்டிய மீன்கள் போலச் சின்னச் சின்ன மூலக்கூறுகளும் உள்ளே கிடக்கின்றன. வலை விரிந்ததும் இவை நழுவி வெளியே வந்துவிடும். நிலக்கரி ஊறிய பிரிடின் கறுத்துப் போவது இதனால்தான். ஊறுவதும் கொஞ்சம் கரைவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

எல்லாத் திரவமும் ஊறவைக்குமா?

இல்லை. இங்கேதான் சுவாரசியம். ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றினால் நிலக்கரி அசைந்தே கொடுக்காது. டொலுவீன் ஊற்றினால் கொஞ்சம் வீங்கும். பிரிடின் ஊற்றினால் நன்றாக வீங்கும்.

காரணம் பிரஸ் பட்டன்தான். பிரிடின் மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதில் அது கெட்டிக்காரி. நிலக்கரியின் முனை பக்கத்து முனையைப் பிடித்திருக்கும்போது பிரிடின் நடுவில் புகுந்து, "நீ என்னைப் பிடித்துக்கொள், அதை விடு" என்கிறது. பட்டன் ஒவ்வொன்றாகக் கழல்கிறது, வலை தளர்கிறது. ஹெக்சேனுக்கு இப்படிப் பிடிக்கக் கை கிடையாது. ஆகவே எந்தத் திரவத்தில் எவ்வளவு வீங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த வகை முடிச்சு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது படிக்கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் ஆர்கான் தேசிய ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1980-களில் எட்டு வகை நிலக்கரிகளை எடுத்துவந்து, காற்றுப் படாமல் நைட்ரஜன் நிரப்பிக் கண்ணாடிக் குப்பிகளில் உருக்கி மூடி வைத்தார்கள். ஏனென்றால் காற்றுப் பட்டால் நிலக்கரியின் குணம் மாறிவிடும். எல்லா நாட்டு ஆராய்ச்சியாளர்களும் ஒரே நிலக்கரியைச் சோதித்தால்தானே ஒப்பிட முடியும்? அந்த எட்டில் ஒன்று, வீங்குகிற இல்லினாய் 6-ஆம் எண் நிலக்கரி. இன்னொன்று போகஹோன்டாஸ் 3-ஆம் எண். இதில் கார்பன் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இதைப் பிரிடினில் போட்டாலும் அநேகமாக வீங்குவதே இல்லை! ஆக்சிஜன் குறைந்துபோனதால் கழற்றுவதற்குப் பட்டன் இல்லை. தட்டைகளும் பெரிதாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பளக் கட்டு மாதிரி நெருங்கிவிட்டன.

எப்படி அளக்கிறார்கள்?

பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் நிலக்கரித் தூளைப் போட்டு, வேகமாகச் சுழற்றுகிற மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் தூள் அடியில் சமமாக அமரும். அதன் உயரத்தைக் குறிக்கிறார்கள். பிறகு கரைப்பானை ஊற்றிக் கலக்கி, ஊறவிட்டு, மறுபடி சுழற்றி, மறுபடி உயரத்தைக் குறிக்கிறார்கள்.

வீக்க விகிதம் = பிந்திய உயரம் ÷ முந்திய உயரம்

1 செ.மீ. தூள் 2 செ.மீ. ஆனால் விகிதம் 2. அவ்வளவுதான். நாம் ஆறாம் வகுப்பில் படித்த விகிதம்!

உள்ளே எப்படி நுழைகிறது?

ஊதுபத்தி ஏற்றினால் வாசனை அறை முழுக்கப் பரவுகிறது அல்லவா? அதுதான் விரவுதல். அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு மூலக்கூறுகள் தானாக நகர்வது. ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் ஃபிக் 1855-ல் இதற்கு விதி சொன்னார். அந்த விதிப்படி, உள்ளே போகும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பயப்படாதீர்கள், எளிதுதான். 1 மில்லிமீட்டர் ஆழம் போக 1 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. போக 2 மணி நேரம் இல்லை, 4 மணி நேரம். 3 மி.மீ. போக 9 மணி நேரம். போகப் போக மந்தமாகும். காரணம், ஒரு மூலக்கூறு நேராக நடப்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் மாட்டிய சின்னப் பிள்ளை மாதிரி முன்னே இரண்டு அடி, பின்னே ஒரு அடி என்று அல்லாடும்.

ஆனால் நிலக்கரியில் இன்னொரு வகையும் நடக்கிறது. காய்ந்த நிலக்கரி கண்ணாடி மாதிரி விறைப்பான பொருள். உள்ளே சங்கிலிகள் அசையாது. கரைப்பான் வந்து பட்டன்களைக் கழற்றிய பிறகுதான் அந்த இடம் ரப்பர் மாதிரி இளகும். இளகிய இடத்தில் கரைப்பான் சரசரவென்று ஓடும். இளகாத இடத்துக்குமுன் வந்து காத்து நிற்கும். ஆகவே வெளியே வீங்கிய ஓடு, உள்ளே காய்ந்த நடு, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. அந்த எல்லை ஒரே வேகத்தில் உள்ளே நகரும். இந்த வகையில் 2 மி.மீ. போக 2 மணி, 3 மி.மீ. போக 3 மணி. பாலிமர்களில் 1966-ல் ஆல்ஃப்ரே என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதற்கு 'இரண்டாம் வகை விரவுதல்' என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? முதல் வகையில் தாமதத்துக்குக் காரணம், நடந்து போகிறவர் மெதுவாகப் போவது. இரண்டாம் வகையில் தாமதத்துக்குக் காரணம், கதவு திறக்க நேரமாவது. நேரத்தையும் வீக்கத்தையும் கிராஃப் தாளில் வரைந்தால் எது என்று தெரியும். பல நிலக்கரிகளில் இரண்டும் கலந்து நடுத்தரமாக வருகிறது.

நுழைகிற மூலக்கூறின் உருவமும் முக்கியம். நேரான, ஒல்லியான மூலக்கூறு சீக்கிரம் நுழையும். அதே அணுக்களால் ஆன, கிளை விரித்த குண்டு மூலக்கூறு ரொம்ப நேரம் எடுக்கும். பஸ்ஸில் புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுகிறவருக்கும் குடையை விரித்துக்கொண்டு ஏறுகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

எந்தப் பக்கம் வீங்கும்?

மழையில் கதவு ஊறினால் அகலத்தில்தான் பெருக்கிறது, உயரத்தில் அல்ல. கவனித்திருக்கிறீர்களா? மரத்தின் நார் மேலும் கீழுமாக ஓடுவதால் தண்ணீர் நார்களைப் பக்கவாட்டில்தான் விலக்க முடிகிறது. நிலக்கரியும் எல்லாப் பக்கமும் சமமாக வீங்குவதில்லை. 1988-ல் கோடி, லார்சன், சிஸ்கின் என்ற மூன்று பேர் நிலக்கரித் துண்டுகளை ஊறவைத்து ஒவ்வொரு பக்கமாக அளந்தார்கள். பூமிக்குள் படுக்கையாகக் கிடந்த திசையைவிட, அதற்குச் செங்குத்தான திசையில், அதாவது மேலும் கீழுமாக, அதிகம் வீங்கியது.

இங்கே காரணம் நார் இல்லை, பாரம். கோடிக்கணக்கான வருடம் மேலே கிடந்த மண்ணும் பாறையும் நிலக்கரியை நசுக்கியிருந்தன. நசுங்கிய நிலையிலேயே பட்டன்கள் பூட்டிக்கொண்டன. வெட்டி வெளியே எடுத்த பிறகும் அது நிமிரவில்லை. கரைப்பான் வந்து பட்டனைக் கழற்றியதும்தான், மூட்டை தூக்கி வந்தவர் மூட்டையை இறக்கியதும் நிமிர்வதுபோல நிமிர்கிறது. கரைப்பானை ஆவியாக்கிக் காயவைத்தாலும் பழைய வடிவம் அப்படியே திரும்புவதில்லை. 30 கோடி வருடத்துப் பாரத்தை அந்தக் கறுப்புத் துண்டு உள்ளுக்குள் வைத்திருந்தது என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அது இயற்கையாகவே ஊறிப்போன நிலக்கரி. காயவைத்தால் சுருங்கி, வெடித்து, உதிரும். நன்றாகக் காய்ந்த பழுப்பு நிலக்கரியை மறுபடி நனைத்தாலும் பழைய அளவுக்குத் தண்ணீரைக் குடிக்காது. இங்கேயும் போனது போனதுதான்.

இதனால் என்ன பயன்?

"சரி, ஊறட்டும். நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று: நிலக்கரியை எண்ணெயாக மாற்றலாம். ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் பெர்கியுஸ் 1913-ல் இதற்கு வழி கண்டார். 1931-ல் கார்ல் போஷுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். நிலக்கரித் தூளை எண்ணெயில் குழைத்து, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனுடன் சூடாக்க வேண்டும். சீனாவில் உள்மங்கோலியாவில் இப்படிப்பட்ட ஆலை 2008-ல் ஓடத் தொடங்கியது. பாலங்கள் அறுபடும்போது அந்த இடத்திலேயே ஹைட்ரஜன் கிடைக்காவிட்டால், அறுந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி முன்பைவிடக் கெட்டியாகிவிடும். ஆகவே எண்ணெய் தூளுக்குள் நன்றாக ஊறியிருப்பது அவசியம். முதலில் ஊறு, பிறகு வேகு. நம் சமையல் மாதிரியே!

இரண்டு: இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலக்கரியை எரிப்பதால் கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்ந்து பூமி சூடாகிறது. அந்த வாயுவைப் பிடித்து, வெட்ட முடியாத ஆழத்தில் இருக்கும் நிலக்கரிக்குள்ளேயே செலுத்தி விடலாமே என்று யோசித்தார்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்லிசன் என்ற இடத்தில் 1995 முதல் 2001 வரை செலுத்திப் பார்த்தார்கள். நிலக்கரி வாயுவை ஏற்றுக்கொண்டது. ஆனால் கார்பன் டை ஆக்சைடும் வலைக்குள் நுழைந்து நிலக்கரியை வீங்கவைக்கிறது! திறந்த கண்ணாடிக் குழாயில் வீங்கினால் மேலே இடம் இருக்கிறது. பூமிக்குள் இடம் ஏது? வீக்கம் நிலக்கரியின் மெல்லிய வெடிப்புகளையே அடைத்தது. அந்த வெடிப்புகள்தான் வாயு போகும் வழி. வழி அடைபட்டதால் செலுத்துவது கடினமாகிவிட்டது. மழையில் ஊறிய கதவு தன் சட்டத்திலேயே இறுகிக்கொள்வது போலத்தான்.

பார்த்தீர்களா? கண்ணாடிக் குழாயில் 1 செ.மீ., 2 செ.மீ. என்று அளந்த அதே வீக்கம் பூமிக்கு அடியில் ஒரு பெரிய திட்டத்தையே தடுமாற வைக்கிறது. நிலக்கரியைக் கல் என்று நினைத்துத் துளை போட்டால் இந்தத் தடங்கல் புரியாது. வலை என்று தெரிந்தால்தான் புரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

பிரிடின் விஷம். அழுகிய மீன் நாற்றம் அடிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். அது ஆய்வகத்துக்கு மட்டும். பெட்ரோல், மண்ணெண்ணெயிலும் விளையாடக் கூடாது. நமக்குக் கொண்டைக்கடலை போதும்.

1. கண்ணாடி டம்ளரில் கால் பாகம் கொண்டைக்கடலை போட்டுக் குலுக்கிச் சமமாக்கி, உயரத்தை ஸ்கேலால் அளந்து குறிக்கவும்.
2. டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றவும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கடலையை எடுத்து, பெரியவர்கள் உதவியோடு குறுக்கே நறுக்கிப் பார்க்கவும். வெளியே மெத்தென்றும் நடுவில் கெட்டியாகவும் இருக்கிறதா? கெட்டியான பகுதி எப்படிக் குறைகிறது?
3. காலையில் மறுபடி உயரம் அளந்து வீக்க விகிதம் கண்டுபிடிக்கவும்.
4. இதையே உடைத்த கடலைப்பருப்பில் செய்து, எது முதலில் ஊறுகிறது என்று பார்க்கவும்.

விகிதத்தை ஒரு சீட்டில் எழுதி இந்த இதழின் கீழே ஒட்டுங்கள். எல்லாருடைய விடையையும் சேர்த்துச் சராசரி போடுவோம். கடலையை வீணாக்காமல் அவித்துச் சாப்பிட்டுவிடுங்கள்!

சிந்திக்க மூன்று கேள்விகள்

1. நிலக்கரியை ஏன் தூளாக்கி ஊறவைக்கிறார்கள்?
2. பிரிடின் ஊறவைக்கும், ஹெக்சேன் ஊறவைக்காது. ஏன்?
3. ஃபிக் விதிப்படி 1 மி.மீ. போக 1 மணி நேரம் என்றால் 5 மி.மீ. போக எத்தனை மணி நேரம்?

விடைகள்: (1) ஆழம் குறைந்தால் நேரம் அதைவிடப் பல மடங்கு குறையும். (2) ஹைட்ரஜன் பட்டனைக் கழற்றப் பிரிடினுக்கு நைட்ரஜன் இருக்கிறது, ஹெக்சேனுக்கு ஒன்றும் இல்லை. (3) 25 மணி நேரம்.

இனி யாராவது நிலக்கரியைக் கல் என்று சொன்னால், "அது ஊறும், தெரியுமா?" என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி